பிங்கர்டன் நிறுவனம் யாருக்காக விழித்திருந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தனியார் துப்பறியும் நிறுவனங்களின் வரலாறு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நன்றாக எழுதப்பட்ட கட்டுரைதான். ரயில் கொள்ளையர்களைத் துரத்திய கதைகளை அதன் ஆசிரியர் விறுவிறுப்பாகவே சொல்லியிருக்கிறார். ஆனால், கட்டுரை தாங்கி நிற்கும் அடிப்படைக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கள்ளநாணயக்காரர்களையும் கொள்ளைக் கூட்டங்களையும் பிடித்து நற்பெயர் ஈட்டிய பிங்கர்டன் நிறுவனம், அதை நிறுவிய ஆலன் பிங்கர்டன் 1884இல் மறைந்த பிறகு, மகன்களின் காலத்தில் ஆலை முதலாளிகளின் பணத்துக்கு ஆட்பட்டு, வேலைநிறுத்தங்களை உடைக்கும் அடியாள் படையாகத் தடம்மாறியது என்கிறார் கட்டுரையாளர். இந்த விளக்கம் தந்தையைக் காப்பாற்றுகிறது, வரலாற்றைக் காப்பாற்றவில்லை. வேலை செய்பவர்களை அவர்களுக்குத் தெரியாமல் கண்காணிப்பது அந்த நிறுவனத்துக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கறையன்று. அதன் முதல் நிலையான வருமானமே அதிலிருந்துதான் வந்தது.

ஆலன் பிங்கர்டன் 1819இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பீப்பாய் செய்யும் தொழிலாளி. உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் முனைப்பாக இருந்தவர். 1842இல் அமெரிக்கா சென்று, இல்லினாய் மாநிலத்தின் டண்டீ என்ற சிற்றூரில் பீப்பாய்ப் பட்டறை வைத்தார். அங்கே ஃபாக்ஸ் ஆற்றுத் தீவொன்றில் மரம் வெட்டப் போனபோது கள்ளநாணயக் கும்பல் ஒன்றின் தடயத்தைக் கண்டு, அவர்கள் பிடிபடக் காரணமானார். தப்பி வரும் அடிமைகளுக்குத் தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தவர் என்பதும் உண்மை. தொழிலாளர் இயக்கத்திலிருந்து வந்த ஒருவரின் பெயர் பின்னாளில் தொழிலாளர் வாயில் வசைச்சொல்லாக மாறியதைக் கட்டுரையாளர் முரண் என்று வியக்கிறார். அந்த வியப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த மாற்றம் மகன்களின் காலம் வரை காத்திருக்கவில்லை.

அவர் 1850 வாக்கில் சிகாகோவில் நிறுவனத்தைத் தொடங்கியபோது அமெரிக்காவின் காவல்துறை எந்த நிலையில் இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெருநகரங்களில் போலீஸ் படைகள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. ஊர்ப்புறத்தில் ஷெரிஃப் என்ற மாவட்டக் காவல் அதிகாரியின் அதிகாரம் அவருடைய மாவட்ட எல்லையோடு முடிந்தது. குற்றங்களைப் புலனாய்வு செய்யக் கூட்டாட்சி அரசிடம் பொதுவான அமைப்பு எதுவும் இல்லை. ரயில் பாதைகளோ மாவட்டங்களையும் மாநிலங்களையும் கடந்து நீண்டுகொண்டிருந்தன. ஓர் ஊரில் திருடி அடுத்த மாநிலத்தில் இறங்கிவிடுபவனைத் தொடர்ந்து செல்ல யாருக்கும் அதிகாரமோ ஆளோ இல்லாத அந்த இடைவெளியில்தான் தனியார் நிறுவனம் நுழைந்தது. இதுவரை கட்டுரையாளர் சொல்வதும் இதுவே. அவர் சொல்லாமல் விட்டது, அந்த இடைவெளியை நிரப்பப் பணம் கொடுத்தது யார் என்பதைத்தான்.

1855இல் மத்திய மேற்குப் பகுதியின் ரயில் நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து, ஆண்டுக்கு 10,000 டாலர் என்று பிங்கர்டனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. கொள்ளையரைப் பிடிப்பது ஒருபுறம் இருக்க, அந்த நிறுவனங்களை அன்றாடம் உறுத்திய கவலை வேறு. ஓடும் வண்டியில் பயணிகளிடம் ரொக்கமாகக் கட்டணம் வாங்கிய நடத்துநர்கள் அதில் ஒரு பகுதியைத் தங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று நிர்வாகங்கள் சந்தேகித்தன. பிங்கர்டனின் ஆட்கள் சாதாரணப் பயணிகளைப் போல ஏறி அமர்ந்து, எத்தனை பேர் கட்டணம் கொடுத்தார்கள், நடத்துநர் எவ்வளவு கணக்கில் காட்டினார் என்று குறித்துக்கொண்டு இறங்கினார்கள். அதே ஆண்டில் இவ்வாறு சிக்கிய நடத்துநர் ஒருவர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கு ரயில் தொழிலாளரிடையே பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. திருடியவர் தண்டிக்கப்பட்டது தவறென்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பயணியா, முதலாளியின் ஒற்றரா என்று தெரியாமல் ஒரு தொழிலாளி வேலை பார்க்க வேண்டிய நிலை, நிறுவனம் பிறந்த சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். விழித்த கண் ஒன்றும், 'நாங்கள் உறங்குவதே இல்லை' என்ற வாசகமும் அந்த நிறுவனத்தின் சின்னமாயின. கொள்ளையர்களை விட நடத்துநர்கள்தாம் அந்தக் கண்ணை முதலில் உணர்ந்திருப்பார்கள்.

நிறுவனத்தின் நற்பணிகளை மறைப்பது என் நோக்கமன்று. 1856இல் கேட் வார்ன் என்ற இளம் விதவை வேலை கேட்டு வந்தபோது, ஆண்கள் நுழைய முடியாத இடங்களில் பெண் ஒருவரால் செய்தி திரட்ட முடியும் என்ற அவருடைய வாதத்தை ஏற்று ஆலன் பிங்கர்டன் அவரைப் பணியமர்த்தினார். பெண்கள் காவல்துறையில் சேருவதைப் பற்றி நாடு எண்ணிக்கூடப் பார்க்காத காலம் அது. 1861 பிப்ரவரியில், பதவியேற்கச் சென்றுகொண்டிருந்த லிங்கனை பால்டிமோர் நகரில் கொல்லச் சதி நடப்பதாகத் தகவல் திரட்டி, இரவோடிரவாக அவரை அந்நகரைக் கடக்கச் செய்ததில் வார்னுக்கும் பங்குண்டு. அந்தச் சதி எந்த அளவுக்கு முதிர்ந்திருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒருமனப்படவில்லை.

கட்டுரை பெருமையாகக் குறிப்பிடும் உள்நாட்டுப் போர்க்கால உளவுப் பணிதான் என்னை யோசிக்க வைக்கிறது. 1862இல் வடக்குப் படையின் தளபதி ஜெனரல் மெக்கிளெல்லனின் உளவுத் தலைவராக இருந்த பிங்கர்டன், தென்மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்டைக் காத்து நின்ற எதிரிப் படையின் பலத்தை 1,80,000க்கு மேல் என்று மதிப்பிட்டுக் கொடுத்தார். உண்மைப் பலம் ஏறத்தாழ அதில் பாதிதான். மெக்கிளெல்லன் இயல்பிலேயே தயங்குபவர். எதிரி தம்மைவிடப் பெரியவன் என்று நம்ப விரும்பியவர். ரயில் நிறுவன நிர்வாகியாக இருந்த காலத்திலிருந்தே அவர் பிங்கர்டனுக்கு அறிமுகமான வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளர் அஞ்சியதையே அறிக்கையும் உறுதிசெய்தது. இந்தப் பழக்கம் போரோடு முடிந்துவிடவில்லை.

அதற்குக் காரணம் தனிமனிதரின் குணம் மட்டுமன்று, கூலி கணக்கிடப்பட்ட முறையும்கூட. பரிசுத்தொகைக்காக வேலை செய்வதில்லை, விவாகரத்து வழக்குகளை எடுப்பதில்லை, வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதில்லை என்று பிங்கர்டன் தம் நிறுவனத்துக்கு விதிகள் வகுத்திருந்தார். கட்டுரையாளர் இவற்றை அறநெறிக்குச் சான்றாகக் காட்டுகிறார். அன்றைய மலிவான துப்பறிவாளர்களோடு ஒப்பிட்டால் அது சரியே. ஆனால் பரிசுத்தொகையை விலக்கிவிட்டால் எஞ்சுவது ஆளுக்கு இத்தனை நாள், நாளுக்கு இத்தனை டாலர் என்ற கணக்குதான். கொள்ளையன் பிடிபட்டால் அந்த வேலை முடிந்துவிடும். தொழிற்சங்கத்தின் மீதான அச்சத்துக்கோ முடிவு கிடையாது. சங்கத்தில் ஆபத்தில்லை என்று எழுதி அனுப்பும் ஒற்றர் தம் வேலைக்குத் தாமே முற்றுப்புள்ளி வைத்துக்கொள்கிறார். ஆபத்து வளர்கிறது என்று எழுதுபவருக்கு அடுத்த மாதமும் சம்பளம் வரும்.

பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கட்டுரை இரண்டே வரிகளில் கடந்துவிடுகிறது. 1871இல் சிகாகோவை எரித்த பெருந்தீயில் நிறுவனத்தின் ஆவணங்களும் அலுவலகமும் அழிந்தன. 1873இல் பொருளாதார நெருக்கடி வந்தது. பிங்கர்டன் வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த 1873இல்தான் ரெடிங் ரயில் நிறுவனத்தின் தலைவர் ஃபிராங்க்ளின் கோவன், சுரங்கங்களில் கொலைகளும் நாசவேலைகளும் செய்வதாகச் சொல்லப்பட்ட மாலி மகுவயர்ஸ் என்ற ஐரிஷ் இரகசியக் குழுவுக்குள் ஊடுருவ ஓர் ஆளைக் கேட்டார். அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் மெக்பார்லண்ட், மெக்கென்னா என்ற பொய்ப்பெயரில் சென்று, குடித்தும் பாடியும் சண்டையிட்டும் சுரங்கத் தொழிலாளரோடு இரண்டாண்டுகளுக்கு மேல் கலந்திருந்து, பின்னர் அவர்களுக்கு எதிராகவே சாட்சிக்கூண்டில் ஏறினார். 1877 ஜூன் 21 அன்று மட்டும் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டனர். மொத்தம் இருபது பேர். இவர்களில் சிலர் கொலைகாரர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் விசாரணையைத் தொடங்கியது தனியார் நிறுவனம்; புலனாய்வு செய்தது தனியார் துப்பறிவாளர்; கைதுசெய்ததில் முன்நின்றது முதலாளிகள் சம்பளம் கொடுத்த நிலக்கரி–இரும்புக் காவல்படை; அரசுத் தரப்பில் நின்று வாதாடியவர்களில் ஒருவர் அதே ரயில் நிறுவனத் தலைவர் கோவன். நீதிமன்ற அறையும் தூக்கிலிடுபவரும் மட்டுமே அரசு கொடுத்தவை என்று பின்னாளில் ஒரு வரலாற்றாசிரியர் எழுதியதில் மிகை எதுவும் இல்லை. தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரான ஜான் கீஹோவுக்கு 1979இல்தான் பென்சில்வேனியா ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். இவை அனைத்தும் நடந்தபோது ஆலன் பிங்கர்டன் உயிரோடு இருந்தார் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன்.

1875 ஜனவரியில் மிசௌரியில் கொள்ளையன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் தாயார் வீட்டுக்குள் பிங்கர்டன் ஆட்கள் எறிந்த தீக்குண்டும் ஆலன் காலத்ததே. அதில் எட்டு வயதுத் தம்பி இறந்தான். தாயார் ஒரு கையை இழந்தார். தேடப்பட்டவர்களோ அகப்படவில்லை.

இனி ஹோம்ஸ்டெட். பிங்கர்டன் என்றாலே நினைவுக்கு வரும் நிகழ்ச்சி இது என்பதால் கட்டுரையிலும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் சில முக்கிய விவரங்கள் விடுபட்டுள்ளன. பிட்ஸ்பர்க் அருகே மோனோங்கஹேலா ஆற்றங்கரை ஊரான ஹோம்ஸ்டெட்டில் இருந்த கார்னகி எஃகு ஆலையில் ஏறத்தாழ 3,800 பேர் வேலை செய்தார்கள். சங்க உறுப்பினர்கள் அவர்களில் ஏறக்குறைய 800 திறன்மிகு தொழிலாளர்கள் மட்டுமே. மற்றவர்கள் சங்கத்தில் இல்லாதபோதும் அவர்களோடு நின்றனர். கூலி ஒப்பந்தம் 1892 ஜூன் இறுதியில் முடிவடைய இருந்தது. ஆலை அதிபர் கார்னகி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். ஆலையை நடத்திய ஹென்றி ஃப்ரிக், பேச்சுவார்த்தை முறிவதற்கு முன்பே ஆலையைச் சுற்றி முள்கம்பி வேய்ந்த உயரமான பலகை வேலியை எழுப்பியிருந்தார். அதில் தோள் உயரத்தில் வரிசையாகத் துளைகளும் இருந்ததால் தொழிலாளர்கள் அதை 'ஃப்ரிக் கோட்டை' என்று அழைத்தனர். கதவடைப்பு அறிவிக்கப்படுவதற்கு முன்பே 300 காவலர்கள் வேண்டுமென்று அவர் ஆலனின் மகன் ராபர்ட் பிங்கர்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டார். கலவரம் நடந்ததால் காவலர்கள் வரவழைக்கப்பட்டார்கள் என்று கட்டுரையில் உள்ள வாக்கியம் நிகழ்ச்சிகளின் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. காவலர்களை அழைத்த கடிதம் முதலில். கலவரம் அவர்கள் வந்து சேர்ந்த பின்னர்.

அந்த 300 பேர் யார்? நியூயார்க், பிலடெல்பியா, சிகாகோ நகரங்களில் வேலை தேடித் திரிந்தவர்கள் அவர்களில் ஏராளம். எங்கே போகிறோம், என்ன வேலை என்பதே பலருக்குச் சரியாகத் தெரியாது. பிட்ஸ்பர்குக்குக் கீழே ஒஹையோ ஆற்றில் இரண்டு பெரிய தட்டைப்படகுகளில் அவர்கள் ஏற்றப்பட்டார்கள். ஒன்றில் அடுக்குப் படுக்கைகள், மற்றொன்றில் சமையலும் உணவுக்கூடமும். வின்செஸ்டர் துப்பாக்கிகளும் சீருடைகளும் பெட்டிகளில் உடன் வந்தன. இழுவைப்படகொன்று அவற்றை நள்ளிரவில் பிட்ஸ்பர்க் பாலங்களுக்கு அடியில் இழுத்துச் சென்றபோது, அங்கே காவலிருந்த தொழிலாளர்கள் பார்த்துத் தந்தி கொடுத்துவிட்டார்கள். ஜூலை 6 அதிகாலையில் படகுகள் ஆலையின் இறங்குதுறையை அடைந்தபோது ஊரே, பெண்களும் சிறுவர்களும் உட்பட, கரையில் திரண்டு நின்றது. முதலில் சுட்டது யார் என்பதற்கு இரு தரப்பிலும் சாட்சிகள் உண்டு. பகல் முழுவதும் சண்டை நீடித்தது. எரியும் தெப்பத்தை மிதக்கவிட்டார்கள், தீமூட்டிய சரக்கு வண்டியைத் தண்டவாளத்தில் உருட்டிவிட்டார்கள், டைனமைட் வீசினார்கள், ஆற்றில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தப் பார்த்தார்கள், அக்கரையிலிருந்து பழைய பீரங்கி ஒன்றைச் சுட்டதில் குண்டு இலக்குத் தவறித் தொழிலாளர் ஒருவரையே கொன்றது. இழுவைப்படகு முன்னரே விலகிப் போய்விட்டதால், வெயிலில் வெந்த படகுகளுக்குள் சிக்கியவர்கள் முன்னேறவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் மாலையில் வெள்ளைக்கொடி காட்டிச் சரணடைந்தார்கள். பாதுகாப்பாகக் கரையேற்றுவோம் என்று சங்கத் தலைவர்கள் கொடுத்த வாக்கைக் கூட்டம் காப்பாற்றவில்லை. இரு வரிசையாக நின்ற மக்களுக்கு நடுவே ஓடவிட்டு, கம்பாலும் கல்லாலும் அவர்களை அடித்து நொறுக்கியது. அந்தக் கொடுமையை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. அடிபட்டவர்களில் பலர் கூலிக்காக வந்த ஏழைகள். இறந்தோர் எண்ணிக்கையில் நூலுக்கு நூல் சிறிது வேறுபாடு உண்டு. தொழிலாளர்கள் ஏழு பேர், காவலர்கள் மூன்று பேர் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

சட்டப்படி அந்தக் காவலர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்களைத் துணை ஷெரிஃப்களாக நியமிக்க ஃப்ரிக் தரப்பு முயன்றது. மாவட்ட ஷெரிஃப் நியமிக்கவில்லை. எனவே படகில் வந்தவர்கள் வேறு மாநிலங்களிலிருந்து ஆயுதங்களோடு கொண்டுவரப்பட்ட தனியார் ஆட்கள், அவ்வளவுதான். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நடத்திய விசாரணையில் ராபர்ட், வில்லியம் பிங்கர்டன் சகோதரர்கள் சாட்சியம் அளித்தார்கள். சொத்தைப் பாதுகாக்கும் காவலர்களைத்தான் அனுப்பினோம் என்பது அவர்கள் வாதம். ஆனால் தொழிலாளர்கள் தோற்றதற்குக் காரணம் பிங்கர்டன் ஆட்களல்லர். ஆறு நாள் கழித்து வந்திறங்கிய எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாநில இராணுவத்தினரின் பாதுகாப்பில்தான் கருங்காலிகள் ஆலைக்குள் நுழைந்தார்கள். நவம்பரில் சங்கம் பணிந்தது. தனியார் படை தோற்றுப்போன இடத்தில் அரசுப் படை அதே வேலையை முடித்துக் கொடுத்தது. பிங்கர்டனை மட்டுமே வில்லனாக்கும் கட்டுரைகள், தங்கள் இணைப்பில் வந்தது உட்பட, இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

பிங்கர்டனிடம் 2,000 முழுநேர ஆட்களும் 30,000 சேமப்படையினரும் இருந்தார்கள், அது அமெரிக்க இராணுவத்தைவிடப் பெரியது என்ற பிரபலமான கூற்றையும் கட்டுரையாளர் அப்படியே எடுத்தாண்டிருக்கிறார். அன்றைய எதிர்ப்பாளர்கள் மேடைதோறும் முழங்கிய எண்ணிக்கை அது. உண்மையிலேயே அத்தகைய சேமப்படை தயார்நிலையில் இருந்திருந்தால், 300 பேரைத் திரட்டுவதற்கு மூன்று நகரங்களின் வேலையற்றோரை வலைவீசித் தேட வேண்டிய தேவை எழுந்திருக்காது.

விசாரணைகளின் விளைவாக 1893இல் பிங்கர்டன் எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. தனியார் படைகளை அது ஒழித்தது என்று கட்டுரை கூறுவது பிழை. பிங்கர்டன் நிறுவனத்திலோ அதையொத்த அமைப்பிலோ பணியாற்றுபவரைக் கூட்டாட்சி அரசு வேலைக்கு அமர்த்தக் கூடாது என்பது மட்டுமே அச்சட்டம் சொன்னது. ஆலை முதலாளிகளை அது தொடவே இல்லை. ஆயுதந்தாங்கிய ஆட்களை வெளியிலிருந்து கொண்டுவரத் தடைவிதித்த சட்டங்கள் பல மாநிலங்களில் தனியே இயற்றப்பட்டன. அவற்றால் ஓரளவு பயன் விளைந்தது. கூட்டாட்சிச் சட்டத்தின் பெரிய விளைவு யாரும் எதிர்பாராத திசையில் வந்தது. அதுவரை தேவைப்படும்போது தனியார் துப்பறிவாளர்களை அமர்த்திவந்த கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம், அந்த வழி அடைபட்டதும் கருவூலத்துறையின் இரகசியப் பணிப்பிரிவிலிருந்து ஆட்களை இரவல் வாங்கத் தொடங்கியது. 1908இல் நாடாளுமன்றம் அந்த இரவலையும் தடைசெய்ய, அட்டர்னி ஜெனரல் போனபார்ட் தமக்கென்று ஒரு சிறு புலனாய்வுப் படையை அமைத்துக்கொண்டார். அதுவே வளர்ந்து எஃப்.பி.ஐ. ஆனது. இன்னொரு தனியார் நிறுவனத்தின் அதிபரான வில்லியம் பர்ன்ஸ் 1921 முதல் 1924 வரை அந்தப் புலனாய்வுப் பிரிவுக்கே தலைவராக இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், தனியாருக்கும் அரசுக்கும் இடையே சுவர் எழுப்பப்பட்டது என்ற முடிவுக்கு வருவது கடினம்.

ஹோம்ஸ்டெட்டுக்குப் பின் படகில் ஆள் அனுப்பும் வேலையிலிருந்து பிங்கர்டன் மெல்ல விலகியது; சங்கத்துக்குள் ஆள் அனுப்பும் வேலையிலிருந்து விலகவில்லை. டென்வர் அலுவலகத்தில் மெக்பார்லண்டிடம் சுருக்கெழுத்தாளராக இருந்த மோரிஸ் ஃப்ரீட்மன், 1907இல் ஒற்றர்களின் அறிக்கைகளையே நூலாக வெளியிட்டார். அதில் என் நினைவில் நிலைத்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. டென்வரில் உலோக உருக்காலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய நிவாரணக் குழுவின் பொறுப்பிலேயே நிறுவனத்தின் ஒற்றர் ஒருவர் அமர்ந்திருந்தார். முதலில் நிவாரணத்தைத் தாராளமாக வாரிக் கொடுக்கும்படி அவருக்கு உத்தரவு வந்தது; சங்கத்தின் கருவூலம் விரைவில் காலியாக வேண்டும் என்பது நோக்கம். அது பேச்சுக்கிடமானதும், நிவாரணத்தைக் கடுமையாக வெட்டும்படி மறு உத்தரவு வந்தது. பசித்த குடும்பங்கள் சங்கத் தலைமையின்மீது வெறுப்புக்கொள்ள வேண்டும் என்பது இப்போது நோக்கம். ஹோம்ஸ்டெட்டில் வெடித்த துப்பாக்கிகள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. தன் பிள்ளைகளுக்கு இந்த வாரம் மாவு குறைந்தது ஏன் என்று ஓர் உருக்காலைத் தொழிலாளியின் மனைவி எப்படி அறிந்திருக்க முடியும்?

மேட்வான், லட்லோ நிகழ்ச்சிகளையும் பிங்கர்டன் கணக்கில் எழுதியிருப்பது கட்டுரையின் வெளிப்படையான தகவல் பிழை. அவற்றில் சம்பந்தப்பட்டது பால்ட்வின்–ஃபெல்ட்ஸ் என்ற வேறொரு நிறுவனம். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி முதலாளிகளுக்கு வேலை செய்த அந்நிறுவனம், பிங்கர்டன் கைவிட்ட முரட்டு வழியை விடாமல் பின்பற்றியது. கொலராடோவில் 1914 ஏப்ரல் 20 அன்று நிகழ்ந்த லட்லோ படுகொலைக்கு முந்தைய மாதங்களில், இயந்திரத் துப்பாக்கி பொருத்திய கவச வாகனத்தைத் தொழிலாளர் கூடாரங்களுக்கு அருகே ஓட்டி மிரட்டியது அதன் ஆட்கள்தாம். 1920 மே 19 அன்று மேட்வானில், சங்கத்தில் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேற்றிவிட்டு, மாலை ரயிலுக்காகக் காத்திருந்த துப்பறிவாளர்களுக்கும் ஊரின் காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டுக்கும் இடையே மோதல் மூண்டது. நகர மேயர், இரண்டு தொழிலாளர்கள், துப்பறிவாளர்கள் ஏழு பேர் என்று பத்து உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று, ஆயுதமின்றி மனைவியோடு வெல்ச் நகர நீதிமன்றப் படிகளில் ஏறிய ஹாட்ஃபீல்டை அந்நிறுவன ஆட்கள் சுட்டுக் கொன்றனர். அவர்களில் ஒருவரான சி. இ. லைவ்லி, மேட்வானில் உணவகம் நடத்திக்கொண்டு தொழிலாளர்களோடு தோழமையாகப் பழகிய ஒற்றர்.

1930களில் நிலைமை என்னவாயிற்று என்பதைக் கட்டுரை தொடவேயில்லை. எனக்கோ வரலாற்றின் மிகச் செறிவான பகுதி இதுவாகவே படுகிறது. சங்கம் அமைக்கும் உரிமையை 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் உறுதிசெய்தது. அது எவ்வாறு மீறப்படுகிறது என்று ஆராய 1936இல் செனட் அமைத்த துணைக்குழு, செனட்டர் லா ஃபாலட் தலைமையில் துப்பறியும் நிறுவனங்களின் பேரேடுகளை வரவழைத்தது. சில நிறுவனங்கள் ஆவணங்களைக் கிழித்தெறிந்தன. ரயில்வே ஆடிட் அண்ட் இன்ஸ்பெக்ஷன் என்ற நிறுவனத்தின் குப்பையிலிருந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கியெடுத்த குழுவின் ஊழியர்கள், அவற்றைப் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துச் சான்றாக வைத்தார்கள். ஒற்றர்கள் எப்படி உருவாக்கப்பட்டார்கள் என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து ஆளை அனுப்புவதைவிட உள்ளே இருப்பவரைப் பிடிப்பது எளிது. கடன்பட்ட அல்லது நோயாளியை வீட்டில் வைத்திருக்கும் ஒரு தொழிலாளியிடம் கண்ணியமான தோற்றமுடைய ஒருவர் வருவார். தம்மைக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆளென்றோ, ஆலையின் சிறு பங்குதாரர்களின் பிரதிநிதி என்றோ சொல்லிக்கொள்வார். ஆலையில் பாதுகாப்பு எப்படி, மேற்பார்வையாளர் எப்படி என்று எழுதிக் கொடுத்தால் மாதந்தோறும் ஒரு தொகை கிடைக்கும். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் மட்டும் வேண்டும். சில மாதங்களில் கேள்விகள் சங்கக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று மாறும். உண்மை புரிந்து விலக நினைக்கும்போது, அந்தக் கையொப்பமிட்ட சீட்டுகள் நிறுவனத்தின் கையில் இருக்கும். துப்பறிவாளர்களின் பேச்சு வழக்கில் இதற்குத் தூண்டிலில் மாட்டுதல் என்றே பெயர். தம் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்த இவர்களை வெறும் துரோகிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மாட்டிய பிறகு பலருக்கு வெளியேற வழி இருக்கவில்லை.

அந்த விசாரணையின் வெளிச்சத்தில், 1937இல்தான் பிங்கர்டன் நிறுவனம் தொழிலாளர்களை உளவு பார்க்கும் வேலையைக் கைவிடுவதாக அறிவித்தது. ரயில் நடத்துநர்களைக் கண்காணித்த 1855இலிருந்து எண்ணினால் எண்பத்திரண்டு ஆண்டுகள். அவற்றில் முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு நிறுவனரே பொறுப்பு.

முடிவாக ஒரு திருத்தம். 1893ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டுவிட்டது என்று கட்டுரையின் இறுதிப் பத்தி தெரிவிக்கிறது. அது நீக்கப்படவில்லை. அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 5ஆம் தலைப்பில் 3108ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது. கூலிக்குப் படை திரட்டித் தரும் அமைப்புகளையே அது குறிக்கும், சாதாரணப் புலனாய்வு நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று பொருள்கொண்டதால் அதன் வீச்சு சுருங்கியது, அவ்வளவே. இந்தத் திருத்தத்தையும், மேட்வான்–லட்லோ குறித்த பிழையையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்